இடைச்செருகல்

வக்கீலம்மாவின் அலுவலகத்தில் அவளுக்கு 'டக்டக்' என்று பேர். வைத்தது ஜூனியர். அவள் தட்டச்சு செய்யும் கீபோர்டு, கம்ப்யூட்டர்கள் பெட்டி பெட்டியாக மேஜையை அடைத்துக்கொண்டிருந்த காலத்தது. தூக்கித் தலையில் போட்டால் ஆள் எழுந்திருக்க மாட்டான், அவ்வளவு கனம். ஒவ்வொரு எழுத்தும் உள்ளே போகும்போது ஒரு சத்தம், மேலே வரும்போது ஒரு சத்தம். கீழே பெயின்ட் கடை வைத்திருந்தவர் அவ்வப்போது படியேறி வந்து, "மாடியில என்ன குதிரையா கட்டி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

அவள் பிடிவாதத்துக்காக அதை வைத்திருக்கவில்லை. கழுத்து நரம்பு நசுங்கி அறுவை சிகிச்சை செய்ததிலிருந்து அவளுக்கு விரல் நுனிகள் மரத்துப் போயிருந்தன. தொட்டது தெரியாது. தட்டையான புதுக் கீபோர்டில் எழுத்து விழுந்ததா இல்லையா என்பது அவள் விரலுக்குப் புரியாது. இதில் அந்தச் சிக்கல் இல்லை. விரல் சொல்லாததைக் காது சொல்லிவிடும்.

எல்லா மனுக்களையும் இணையம் வழியாகவே தாக்கல் செய்ய வேண்டும் என்று கோர்ட்டில் உத்தரவு வந்ததும் வக்கீலம்மா புதுக் கம்ப்யூட்டர்கள் வாங்கினார். அவற்றின் முதுகில் அவளுடைய கீபோர்டின் வட்ட முனையைச் செருக இடமே இல்லை. கொடுத்த புதுக் கீபோர்டில் இரண்டு நாள் அடித்துப் பார்த்தாள். 'பார்க்கவில்லை' என்று சொன்ன சாட்சி 'பார்க்க'வோடு நின்றுவிட்டார்.

"இப்படியே போனா நம்ம கட்சிக்காரரை நாமளே ஜெயிலுக்கு அனுப்பிடுவோம் போலிருக்கே" என்றார் குமாஸ்தா. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

கடைத்தெருவில் ஒரு சின்ன அடாப்டர் கிடைத்தது. ஒரு பக்கம் வட்டத் துளை, மறுபக்கம் தட்டை முனை. செருகியதும் கீபோர்டின் விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது. அவ்வளவுதான். அவள் தம்பிக்குப் போன் செய்தாள். தம்பி கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். வயது நாற்பதை நெருங்கிய பிறகும் அவளுக்கு அவன் 'சின்னவன்'தான்.

"அது வெறும் வயரை மாத்திவிடற முனைதான்க்கா" என்றான் அவன். "பழைய கீபோர்டு ஒரு பாஷை பேசும், புதுக் கம்ப்யூட்டர் வேற பாஷை பேசும். சில கீபோர்டுக்கு ரெண்டுமே தெரியும், அதுங்களுக்கு இந்த முனை போதும். உன்னோடது கிழம், ஒண்ணுதான் தெரியும். நடுவுல பாஷையை மாத்திச் சொல்ற சிப்பு வெச்ச அடாப்டர் வேணும். நான் பார்க்கறேன்."

அடுத்த வாரம் அவனே கொண்டுவந்தான். கட்டைவிரல் பருமனில் கறுப்பாக இருந்தது. கம்ப்யூட்டரை அணைக்கச் சொன்னான். வட்ட முனையின் ஊசிகள் வளையாமல் திசை பார்த்துச் செருகினான். பிறகு தட்டை முனையைக் கம்ப்யூட்டரின் பின்பக்கம், கண்ணில் படாத ஓட்டையில் குத்தினான்.

"ஓடிட்டிருக்கும்போது இந்த வட்ட முனையைப் பிடுங்கவும் கூடாது, செருகவும் கூடாது. உள்ள சர்க்யூட் போயிடும். ரொம்பக் கரண்டு இழுக்கிற கீபோர்டு இது, அதனால நேரா மெஷின்லதான் செருகணும், நடுவுல வேற பெட்டி எதுவும் வைக்காதே."

"சரிடா."

"கழட்டவே கழட்டாதே. யார் கையிலயும் குடுக்காதே."

முதலில் சொன்னதெல்லாம் எந்த மெக்கானிக்கும் சொல்வதுதான். கடைசியில் சொன்னதையும் அவள் அதோடு சேர்த்தே கேட்டுக்கொண்டாள். விசையைத் தட்டினாள். திரையில் எழுத்து விழுந்தது. தம்பியின் தலையைக் கலைத்துவிட்டாள். அவன் சிரிக்காமல் தலையை இழுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவன் வாராவாரம் வர ஆரம்பித்தான். நல்லது கெட்டதுக்கு மட்டும் தலைகாட்டுகிறவன், ஒரு பையில் ஆரஞ்சுப் பழங்களோடு படியேறி வருவான். சுவரோரம் இருந்த பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு "வரேன்கா" என்று கிளம்பிவிடுவான். "உங்க தம்பிக்குத் திடீர்னு பாசம் பொங்குதே" என்று ஜூனியர் பழத்தை உரித்துக்கொண்டே சொன்னான். அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அப்போது அலுவலகத்தில் சாய ஆலை வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஆலையின் பாய்லர் வெடித்து வேலை செய்துகொண்டிருந்தவர்கள் பலர் செத்துப் போயிருந்தார்கள். அழுத்தம் மிஞ்சினால் தானாகத் திறந்து ஆவியை வெளியே விடவேண்டிய சேஃப்டி வால்வு திறக்கவில்லை. அதை யாரோ கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள் என்பது, செத்தவர்களின் குடும்பங்களுக்காக நின்ற வக்கீலம்மாவின் கட்சி. யார் கட்டச் சொன்னது என்று சொல்லக்கூடியவர்கள் மூன்றே பேர்.

முதல் ஆள் ஒரு வெல்டர். அவர் சொன்னதை அவள் தட்டச்சு செய்து முடித்தாள். சில நாட்களில் அவர் அலுவலகத்துக்கு வந்து, உட்காராமலே பேசினார்.

"நான் எதுவும் சொல்லலைன்னு வெச்சுக்கங்கம்மா."

"மிரட்டினாங்களா?" என்று வக்கீலம்மா கேட்டார்.

"மிரட்டவே இல்லம்மா. பஸ் ஸ்டாப்புல ஒரு தாடிக்காரன் பக்கத்துல வந்து நின்னான். நான் உங்ககிட்ட சொன்னதை வரி மாறாம ஒப்பிச்சான். 'மேலாளர் என் தோளில் கை வைத்து, உற்பத்தி நிற்கக்கூடாது என்று கூறினார்'னு. ஸ்கூல்ல பாடம் ஒப்பிக்கிற மாதிரி. முடிச்சிட்டு, சரியா சொல்லிட்டேனான்னு கேட்டான்."

அவள் அடித்துக்கொண்டிருந்ததை நிறுத்தினாள். வெல்டர் சொன்னது, 'தோள்ல கையப் போட்டு, ஓட்டம் நிக்கக்கூடாதுன்னார்' என்பதுதான். 'உற்பத்தி', 'கூறினார்' எல்லாம் அவள் கோர்ட்டுக்காகத் திருத்திப் போட்ட வார்த்தைகள்.

இரண்டாவது ஆள் ஒரு ஃபிட்டர். அவருடைய மகளைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி, "உங்கப்பாவுக்கு ஞாபக சக்தி ரொம்ப ஜாஸ்தியாமே?" என்று ஒருவன் கேட்டுவிட்டுப் போயிருந்தான். ஃபிட்டர் குடும்பத்தோடு ஊரைவிட்டே போய்விட்டார்.

வக்கீலம்மா அலுவலகத்தைத் தலைகீழாகப் புரட்டினார். அலமாரிக்குப் புதுப் பூட்டு வந்தது. கசங்கிய தாளைக்கூடக் குப்பையில் போடவிடாமல் கிழித்து எரித்தார்கள். எல்லோருடைய போன்களும் வாசலில் ஒரு டப்பாவில் போடப்பட்டன. வந்துபோகிறவர்களின் போனை யாரும் கேட்கவில்லை. ஒருவர் பேசும்போது இன்னொருவர் முகத்தைப் பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் வந்தது. கடைசியில் சந்தேகம் குமாஸ்தா மேல் விழுந்தது. அவருடைய மைத்துனர் ஆலையில் கணக்கெழுதிக் கொண்டிருந்தார் என்பதுதான் காரணம். "கொஞ்ச நாள் வீட்டுல இருங்க" என்றார் வக்கீலம்மா. குமாஸ்தா எழுந்தார். தன் நாற்காலியில் போட்டிருந்த மெத்தைத் துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மிச்சமிருந்தது ஆலையைப் பெருக்கிச் சுத்தம் செய்யும் அம்மாள் ஒருத்தி. அந்த அம்மாளை அலுவலகத்துக்கே வரவழைக்கவில்லை. வக்கீலம்மா தனியாகப் போய், சொன்னதையெல்லாம் போனில் பதிவு செய்துகொண்டு வந்தார். அவள் அதை இயர்போனில் கேட்டுக் கேட்டு அடித்தாள். வால்வில் கம்பி சுற்றியதை அந்த அம்மாள் துடைப்பமும் கையுமாக நின்று பார்த்திருந்தாள். தங்கியிருக்கும் இடம் சொல்லும்போது பின்னால் ஒரு லாரி போனது. 'ஆலை முன் தெரு' என்று அடித்தாள். சரியாக விழவில்லையே என்று இன்னொரு முறை ஓட்டிக் கேட்டாள். 'பின் தெரு.' அந்த வரியை அழித்துவிட்டுத் திருத்தினாள். பிறகுதான் அச்செடுத்தாள். தாளை வக்கீலம்மா கையில் கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் இருந்ததையும் அவர் கண்ணெதிரிலேயே நீக்கினாள்.

சில நாள் கழித்து அந்த அம்மாளே முகத்தை மூடிக்கொண்டு படியேறி வந்தாள். மூச்சு வாங்கியது.

"நல்லவேளை, தப்பிச்சேன்மா. முன் தெருவுல ஒரே கூச்சல். அதே நம்பர் வீட்டுல ஒரு பெரியவர் தனியா இருக்கார். நாலு பேர் கதவை உடைச்சு, என் பேரைச் சொல்லி எங்கேன்னு கேட்டு அவரைத் தள்ளிவிட்டிருக்கானுங்க. கை முறிஞ்சு போச்சு, பாவம். கூச்சலைக் கேட்டு நான் பின்பக்கமா ஓடி வந்துட்டேன். நான் இருந்தது பின் தெரு, அவனுங்க எதுக்கு முதல்ல முன் தெருவுக்குப் போனானுங்கன்னுதான் தெரியல."

"யாரோ தப்பாச் சொல்லியிருக்கான், நம்ம நல்ல நேரம்" என்றான் ஜூனியர்.

அவள் கை விசைகளின் மேல் அப்படியே நின்றது. முன் தெரு என்று யாரும் சொல்லவில்லை. பதிவில் இல்லை, தாளில் இல்லை, அலமாரியில் இல்லை. உலகத்தில் ஒரே ஓர் இடத்தில், சில விநாடிகள், அவள் விரலுக்கும் திரைக்கும் நடுவில்தான் அந்த முன் தெரு இருந்தது.

எல்லோரும் உள்ளறைக்குப் போனதும் கம்ப்யூட்டரை அணைத்தாள். குனிந்து அதன் பின்பக்கம் கையை விட்டாள். சூடு பார்க்க அவள் விரலை நம்புவதில்லை, புறங்கையைத்தான் வைப்பாள். அணைத்த பிறகும் அந்தக் கறுப்புக் கட்டை, தூங்கும் பிராணியின் வயிறு மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. ஆனால் அவளை உட்காரவைத்தது அந்தச் சூடு இல்லை. 'கழட்டவே கழட்டாதே' என்ற குரல்.

அவள் உடனே யாரிடமும் சொல்லவில்லை. தம்பி வரும் நாள் வரட்டும் என்று காத்திருந்தாள். யாராவது ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரித்துப் பார்த்திருக்கலாம். ஆனால் கட்டைக்குள் என்ன இருக்கிறது என்பதைவிடத் தம்பிக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதற்கு முந்தின சாயங்காலமே அடாப்டரைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், காலையில் அதை அங்கேயே வைத்துவிட்டு வந்தாள். பழைய கீபோர்டை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, தட்டைக் கீபோர்டைத் தாளுக்கடியில் மறைத்து வைத்து மெதுவாக அடித்துக்கொண்டிருந்தாள்.

அவன் ஆரஞ்சுப் பையோடு வந்தான். பெஞ்சில் உட்கார்ந்தான். போனை எடுத்துப் பார்த்தான். கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்த்தான். போனைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தான். எழுந்து ஜன்னலருகே போனான், பிறகு அவள் மேஜையருகே வந்து நின்றான். அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அக்கா... கம்ப்யூட்டர் ஓடுதா?"

"ஓடுதே."

"கீபோர்டு சத்தமே காணோம்?"

"கைவலி. மெதுவா அடிக்கறேன்."

அவன் குனிந்து மேஜைக்குப் பின்னால் எட்டிப் பார்க்க முயன்றான். அவள் அப்போதுதான் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு வந்து நிற்பானே, அதே முகம்.

"வா, படிக்கட்டுல நின்னு பேசலாம்" என்றாள்.

படித் திருப்பத்தில் பெயின்ட் வாடை அடித்தது. அவன் சுவரில் சாய்ந்துகொண்டு பேசினான்.

"எனக்கு முதல்ல தெரியாதுக்கா. சத்தியமா. கடைக்கு ஒரு தாடிக்காரன் வந்தான். ஆலைக்காரங்க ஆளு. என் கடை இருக்கிறதே அவங்க கட்டடத்துலதான். பேச்சுவாக்குல உன் கீபோர்டு கதையைச் சொல்லித் தொலைச்சேன். எங்கிட்ட ஒரு நல்ல அடாப்டர் இருக்கு, உங்க அக்காவுக்குக் குடுங்கன்னு அவனே கொண்டுவந்தான். கழட்டவே கூடாதுன்னு சொல்லச் சொன்னதும் அவன்தான்."

"அப்புறம்?"

"அப்புறம் என் போன்ல ஏதோ ஒண்ணு போட்டான். வாரம் ஒரு தடவை போயி உங்க அக்காவைப் பார்த்துட்டு வாங்க, அது போதும்னான். பக்கத்துல வந்தா நீ அடிச்சதெல்லாம் தானா போன்ல இறங்கிடும், அதை அவன்கிட்ட கொண்டுபோய்க் குடுப்பேன். நான் எதையும் திறந்து பார்த்ததில்ல."

"திறந்து பார்க்கலைன்னா தெரியாதுன்னு ஆயிடுமா?"

அவன் சுவர்ப் பெயின்டை நகத்தால் சுரண்டினான்.

"கடையைக் காலி பண்ணச் சொல்லுவாங்கன்னு பயந்தியா?"

"கடைக்காக மட்டும் இல்லக்கா. என் பொண்ணு எந்த வேன்ல ஸ்கூலுக்குப் போறாங்கிறதையும் அவனே சொன்னான். சும்மா, விசாரிக்கிற மாதிரி."

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடா" என்றாள். "முன் தெருவுல ஒரு பெரியவருக்குக் கையை முறிச்சிருக்கானுங்க. அது என் விரல்லேர்ந்து போன விலாசம். உன் பாக்கெட்டுல போனது."

அவன் அழுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்கூட வரவில்லை. படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தது தெரியவில்லை.

அன்று சாயங்காலமே வக்கீலம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தம்பியையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டுதான் சொன்னாள்.  வக்கீலம்மா முதலில் குமாஸ்தாவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டார். அடுத்து ஒரு பெண் இன்ஸ்பெக்டருக்கு. கோர்ட்டில் எதிரெதிராக நின்று சண்டை போட்டே சிநேகிதமானவர்.

இன்ஸ்பெக்டர் வந்து கேட்டுவிட்டுச் சொன்னார். "பொருளை மட்டும் பிடிச்சா, எங்களுக்கு எதுவும் தெரியாது, கடைக்காரன் குடுத்ததுன்னு கழண்டுக்குவானுங்க. ஆளுங்க வரணும். கையும் களவுமா பிடிக்கணும். அதை மறுபடி செருகிடுங்க. அந்த அம்மா இருக்கிற இடம்னு ஒரு பொய் விலாசத்தை அடிங்க."

ஜூனியர் உற்சாகமானான். "பூட்டிக் கிடக்கிற ஒரு குடோன் இருக்கு..."

"பூட்டின குடோன்ல யாரு குடியிருப்பான்னு வாசல்லயே திரும்பிடுவானுங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆள் இருக்கிற வீடா இருக்கணும்."

மறுநாள் காலையில் அவள் அடாப்டரைச் செருகினாள். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, ஊசிகளின் திசை பார்த்து, தம்பி சொல்லிக் கொடுத்தபடியே. பழைய சத்தம் மறுபடி எழுந்தது. எந்த விலாசம் போடுவது என்று வக்கீலம்மாவும் ஜூனியரும் உள்ளே பேசிக்கொண்டிருந்தார்கள். எந்த விலாசத்தைப் போட்டாலும் அந்தக் கதவுக்குப் பின்னால் யாரோ ஒருவர் இருப்பார் என்பதே அவளுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஓர் எண் தவறினால் பக்கத்து வீடு. அவளுக்கு விரல் மேல் நம்பிக்கை இல்லை. தப்பே வராமல், கண்ணை மூடிக்கொண்டு அவளால் அடிக்க முடிந்த விலாசம் ஒன்றுதான் இருந்தது. அதை அடித்தாள். சாட்சி சொல்லும் நாள் வரை அந்த அம்மாள் அங்கேதான் தங்கியிருப்பார் என்றும் சேர்த்து அடித்தாள்.

வக்கீலம்மா வந்து திரையைப் பார்த்தார். "என்னம்மா இது, உன் வீடு!"

"ஆமாம்மா. நான் தனி ஆள்தானே. மாடிப் போர்ஷன்காரங்க ஊர்ல இல்ல. இனிமே அழிச்சாலும் அது அழியாதுல்ல" என்றாள்.

வக்கீலம்மா இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்யப் போனார்.

தம்பி வந்தான். இந்த முறை பழம் கொண்டுவரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தான். போன் ஒருமுறை துடித்து அடங்கியது. அவள் எழுந்து அவனருகே போனாள்.

"என்னக்கா எழுதினே?"

"என் வீட்டு விலாசம்."

அவன் போனைத் தரையில் போட்டு உடைக்கப் போகிறவன் போல ஓங்கினான். அவள் தடுக்கவில்லை. "உடைச்சா உடை. கொண்டுபோய்க் குடுத்தாக் குடு. நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்றாள். அவன் கை மெல்ல இறங்கியது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவளைத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினான்.

அதன் பிறகு வந்த நாட்கள் அவளுக்கு ஒரே மாதிரி கழிந்தன. இன்ஸ்பெக்டரும் மூன்று கான்ஸ்டபிள்களும் விடியுமுன் வந்து சமையலறையிலும் மாடியிலும் உட்கார்ந்தார்கள். அவள் கூடத்தில் உட்கார்ந்தாள். யாரும் வரவில்லை. தண்ணீர்த் தொட்டி நிரம்பும் சத்தம், மாடிப்படியில் பூனை இறங்கும் சத்தம், எதிர் வீட்டுக் குழந்தை தடுக்கி விழும் சத்தம் என ஒவ்வொன்றுக்கும் கதவைப் பார்த்தாள். தம்பி குடுத்தானா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். தெரியாது என்றாள். அவன் போனையே எடுக்கவில்லை.

விசாரணைக்கு முந்தைய நாள் மத்தியானம், வெயில் முற்றத்தில் சுள்ளென்று விழுந்துகொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. இன்ஸ்பெக்டர் சமையலறையிலிருந்து கையசைத்தார். அவள் திறந்தாள். தம்பி நின்றுகொண்டிருந்தான். பல நாள் தூங்காத கண்.

"உனக்கு இங்க என்ன வேலை? கிளம்பு" என்று உள்ளிருந்தே இன்ஸ்பெக்டர் சீறினார்.

"இது எங்க அக்கா வீடு" என்றான். உள்ளேயும் வரவில்லை. வாசற்படியில் தெருவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டான். "அவனுங்க கிளம்பிட்டானுங்க" என்றான், தெருவிடம் சொல்கிற மாதிரி.

அவனை இழுத்து உள்ளே போட நேரமில்லை. தெருமுனையில் ஒரு வேன் திரும்பியது. குழாய் வேலைக்காரர்கள் போல நீலச் சட்டை போட்ட மூன்று பேர் இறங்கினார்கள். முன்னால் வந்தவனுக்குத் தாடி. கையில் பெரிய ஸ்பேனர்.

"தண்ணிக் குழாய் பார்க்கணும்" என்றவன் பாதியில் நின்றான். "நீயா? நீ எதுக்குடா இங்க?"

"நீங்க தேடி வந்த அம்மா இங்க இல்ல. போயிடுங்க."

"இது யார் வீடு?"

"எங்க அக்கா வீடு."

தாடிக்காரன் ஒரு கணம் அவனையே பார்த்தான். கதவிடுக்கு வழியாக அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். கோபம் எதுவும் இல்லை. கூட்டல் கணக்கில் விடை வந்துவிட்டவனின் முகம். கை மட்டும் உயர்ந்தது. ஸ்பேனர் தம்பியின் காதோரம் விழுந்த சத்தம், அவளுக்கு அதற்கு முன் பழக்கமான எந்தச் சத்தமாகவும் இல்லை.

கான்ஸ்டபிள்கள் அவளைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தார்கள். ஒருவன் ஓடிவிட்டான். தாடிக்காரனையும் இன்னொருவனையும் தெருவில் புரட்டிப் பிடித்தார்கள். அவள் தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு காதைப் பொத்தினாள். ரத்தத்தின் வெதுவெதுப்பு மணிக்கட்டுக்கு வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

தாடிக்காரன் ஆலையின் செக்யூரிட்டி அதிகாரி. அவன் மேஜையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது, அதில் அவள் மாதக்கணக்காக அடித்தவையெல்லாம் இருந்தன. ஆலை வழக்கு மட்டுமல்ல. யாரோ ஒரு பெண்ணின் விவாகரத்து மனு, யாரோ ஒரு கிழவரின் உயில், அவள் டாக்டருக்கு எழுதிய கடிதம், ஒரு மத்தியானம் மனசு சரியில்லாமல் தனக்குத்தானே அடித்துவிட்டு அழித்த நாலு வரி. இன்ஸ்பெக்டர் அதைப் படித்திருந்தார் என்பது அவர் அவளைப் பார்த்த விதத்தில் தெரிந்தது.

பெருக்கும் அம்மாள் மறுநாள் கோர்ட்டில் ஏறி, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். வெல்டரும் திரும்பி வந்தார். மேலாளருக்குத் தண்டனை கிடைத்தது. முதலாளி மேல்முறையீடு செய்துவிட்டு வெளியே இருக்கிறார். தம்பியின் கடை காலியாகிவிட்டது. அவன் மீதும் வழக்கு உண்டு. ஆனால் தாடிக்காரன் மேல் நடந்த வழக்கில் அரசுத் தரப்புச் சாட்சியாகவும் அவனே நின்றான்.

அவன் கூண்டில் ஏறிய நாளில் அவள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் அவனை நன்றாகக் குடைந்தார்.

"உம்ம போன்ல இருந்தது உம்ம அக்கா வீட்டு விலாசம்னு உமக்குத் தெரியுமா?"

வக்கீல் நின்ற பக்கம் அடிபட்ட காது. அவன் முகத்தைத் திருப்பி, "மறுபடி சொல்லுங்க" என்றான். சொன்னார்.

"தெரியும்."

"தெரிஞ்சும் கொண்டுபோய்க் குடுத்தீர்?"

"குடுத்தேன்."

"கூடப் பிறந்த அக்கா வீட்டுக்கு ஆளை அனுப்பினீர். உம்ம பேச்சை இந்தக் கோர்ட்டு எப்படி நம்பணும்?"

அவன் யோசித்தான். "குடுக்காம இருந்தா வேற வழியில வேற வீட்டைத் தேடிப் போயிருப்பாங்க. இதுல நான் போய் நிக்கறதுக்கு ஒரு வாசல் இருந்தது" என்றான். எதிர்த்தரப்பு வக்கீல் தன் தாள்களைப் புரட்டினார். நீதிபதி எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் இருவரும் கோர்ட்டு வளாகத்தைவிட்டு வெளியே வந்தார்கள். கதவோரம் ஒரு மோட்டார் சைக்கிள், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, நின்றிருந்தது. ஹெல்மெட் போட்டவன் அவர்கள் தாண்டிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். பின்தொடரவில்லை. அதற்கு அவசியமும் இல்லை, விலாசம் அவர்களிடம் இருக்கிறது. இப்போதெல்லாம் அவள் வீட்டில் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காருவதில்லை.

"பசிக்குதாடா?" என்று கேட்டாள். அவன் பேசாமல் நடந்தான். மறுபடி கேட்டாள். பதில் இல்லை. இன்னும் கோபமாக இருக்கிறான் போல என்று நினைத்தாள். கோபப்பட வேண்டியது யார் என்றும் நினைத்தாள். கொஞ்ச தூரம் போன பிறகுதான் தான் அவனுடைய கேட்காத காதின் பக்கம் நடந்துகொண்டிருப்பது அவளுக்கு உறைத்தது. நடையை எட்டிப் போட்டு, அவனைச் சுற்றிக்கொண்டு, மறுபக்கம் வந்தாள்.